பேட்டரியும் சூப்பர் கெபாசிட்டரும்: சூரிய மின்சாரம் ஆடாமல் இருக்க

(நெய்வேலி நகரியத்தில் பொதுமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நெய்வேலிக்கு வந்து மின்சாரத்தைப் பற்றிப் பேசுவது, கடலூர் முதுநகரில் போய் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது மாதிரி. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பல பேர் டர்பைன் பக்கத்திலேயே இருபது, முப்பது வருஷம் வேலை பார்த்தவர்கள். இருந்தாலும் இந்தப் பேச்சைக் கைபேசியில் படிக்கப்போகிற நீங்கள் எந்த மாவட்டத்திலும் இருக்கலாம். அதனால் அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எங்கே போனாலும் என்னிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "சார், மாடியில சோலார் போடலாம்னு இருக்கோம். பேட்டரி வைக்கணுமா? சூப்பர் கெபாசிட்டர்னு செல்போன்ல விளம்பரம் வருதே, இருபது வருஷம் உழைக்குமாமே, அதை வாங்கலாமா?" நியாயமான கேள்வி. லட்ச ரூபாய் விஷயம். ஆனால் இதற்கு 'வாங்குங்க', 'வாங்காதீங்க' என்று ஒரு வார்த்தையில் பதில் சொன்னால் அது உங்களுக்கு உதவாது. பேட்டரிக்கு ஒரு வேலை, சூப்பர் கெபாசிட்டருக்கு வேறொரு வேலை. இந்த இரண்டு வேலையையும் இத்தனை வருஷமாக ஒரே ஆளாகச் சத்தமில்லாமல் பார்த்துவந்தது இந்த ஊர் அனல் மின் நிலையம்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

சுற்றும் இரும்பு செய்த வேலை

மின்சாரத்தைக் கம்பிக்குள் பிடித்து வைக்க முடியாது. நீங்கள் இந்த நொடி மோட்டார் ஸ்விட்சைத் தட்டினால், இந்த நொடியே எங்கோ ஒரு ஜெனரேட்டர் அந்த அளவு கூடுதலாகத் தந்தாக வேண்டும். ஆனால் கொதிகலனுக்குள் பழுப்பு நிலக்கரியை அதிகமாகத் தள்ளி, அது எரிந்து, நீராவி கூடி, டர்பைனை இன்னும் பலமாகத் தள்ளுவதற்கு நிமிடக் கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் உங்கள் மோட்டாருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது?

சுற்றிக்கொண்டிருக்கிற இரும்பிலிருந்து வருகிறது. டர்பைனும் ஜெனரேட்டரின் சுழலியும் சேர்ந்து பல டன் எடை. நிமிஷத்துக்கு 3,000 சுற்று. அந்த வேகத்தில் ஓடுகிற எடையை யாராலும் சட்டென்று நிறுத்த முடியாது. சுமை கூடும்போது அது ஒரு மயிரிழை வேகம் குறைந்து, தன் வேகத்தையே மின்சாரமாகக் கொடுத்துவிடும். பின்னால் நீராவி வந்து அதைச் சரிக்கட்டும். இதை யாரும் இயக்க வேண்டியதில்லை, கம்ப்யூட்டர் தேவையில்லை. இரும்பின் குணமே அது.

எவ்வளவு மின்சாரம் அந்தச் சுழற்சியில் இருக்கிறது தெரியுமா? இரண்டாம் அனல் மின் நிலையத்தில் 210 மெகாவாட் யூனிட்டுகள் ஏழு இருக்கின்றன. இந்த வகை இயந்திரங்களில் பொதுவாக மூன்று முதல் ஐந்து விநாடி முழு உற்பத்திக்குச் சமமான ஆற்றல் சுழற்சியிலேயே இருக்கும். நாலு விநாடி என்று வைத்துக் கணக்குப் போட்டால், நம் மீட்டர் கணக்கில் 233 யூனிட் வருகிறது. ஒரு நடுத்தர வீட்டின் மின்கட்டண அட்டையில் இருக்கிற அளவுதான்! அவ்வளவு பெரிய இயந்திரத்தின் சுழற்சிக்குள் இருப்பது அவ்வளவே. ஆனால் அது தேவைப்படுகிற அந்த ஒரு நொடியில் கையில் இருக்கிறது. இந்த 233 யூனிட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இங்கே முதலாவது அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-இல் உற்பத்தியைத் தொடங்கியது. 600 மெகாவாட் வரை வளர்ந்து, 2020-இல் ஓய்வு பெற்றது. அதன் இடத்தை நிரப்ப 1,000 மெகாவாட் புதிய நிலையம் வந்துவிட்டதால் இன்றைக்கு நெய்வேலியில் சுற்றுகிற இரும்புக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் போகிற திசையைப் பாருங்கள். அதே என்.எல்.சி. இந்தியா நிறுவனம் இந்த நெய்வேலியிலும், விருதுநகர், ராமநாதபுரம், தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கங்களிலும் 1,000 மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின் நிலையங்கள் வைத்திருக்கிறது. தமிழ்நாடு முழுக்க எடுத்தால் காற்றாலை மட்டுமே 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. சூரியத் தகடுக்குள் சுற்றுகிற பொருள் எதுவும் கிடையாது. வெயில் இருந்தால் தரும், மேகம் வந்தால் அந்த நொடியே குறைக்கும். கையிருப்பு பூஜ்யம்.

ஐம்பதுக்குப் பக்கத்திலேயே

மின்தொடரில் எல்லா ஜெனரேட்டர்களும் ஒரே தாளத்தில் சுற்றுகின்றன. விநாடிக்கு 50 முறை. இதை அதிர்வெண், ஃப்ரீக்வென்சி என்கிறோம். நம் நாட்டில் இது 49.90-க்கும் 50.05-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. உற்பத்தி குறைந்தால் தாளம் இறங்கும், கூடினால் ஏறும். ரொம்ப இறங்கினால் இயந்திரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்ளும். ஒன்று கழன்றால் மிச்சம் இருப்பவற்றின் மேல் சுமை கூடும், அடுத்தது கழலும்.

2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருட்டில் கிடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். இரண்டாம் நாள் வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மூன்று தொகுப்புகளும் சரிந்தன. தெற்கு தப்பித்ததற்குக் காரணம், அப்போது நம் தொகுப்பு அவர்களோடு ஒரே தாளத்தில் இணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர் - சோலாப்பூர் பாதை வந்தபிறகு நாடு முழுக்க ஒரே தாளம். இங்கே ஒரு யூனிட் திடீரென்று நின்றால் பஞ்சாபில் இருக்கிற ஜெனரேட்டரும் அதை உணரும், தோள் கொடுக்கும். இது பெரிய பலம்.

சின்னத் தொகுப்புக்கு அந்தப் பலம் கிடையாது. 2016 செப்டம்பர் 28-ஆம் தேதி புயலில் மின்கோபுரங்கள் விழுந்து, அடுத்தடுத்துக் காற்றாலைகள் கழன்று, தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்டுபோனது. அதற்கு அடுத்த வருஷமே அங்கே ஹார்ன்ஸ்டேலில் 100 மெகாவாட் பேட்டரி நிலையம் வைத்தார்கள். காற்றாலை வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவில்லை. கூடவே கையிருப்பு வேண்டும் என்று முடிவெடுத்தார்கள்.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது, அதுவும் நெய்வேலிக்காரர்கள் செய்தது. அந்தமான் தீவுகளுக்கு இந்தியத் தொகுப்பிலிருந்து கம்பி கிடையாது. டீசல் ஜெனரேட்டர்களை நம்பி ஓடிய ஊர். தெற்கு அந்தமானில், போர்ட் பிளேர் பக்கம் (இப்போது ஸ்ரீ விஜய புரம் என்று பெயர்), என்.எல்.சி. 20 மெகாவாட் சூரிய மின் நிலையமும் அதோடு 8 மெகாவாட்-மணி பேட்டரியும் அமைத்தது. 2020-இல் ஓடத் தொடங்கியது. 8 மெகாவாட்-மணி என்றால் நம் கணக்கில் 8,000 யூனிட். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் 20 மெகாவாட்டால் வகுத்துப் பாருங்கள், 24 நிமிஷம்தான் வரும். ராத்திரி முழுக்க ஊருக்கு விளக்கு எரிக்க இது காணாது. மேகம் வந்து போகிற நேரத்தில் தூக்கிப்போடாமல் இருக்கவும், டீசல் ஜெனரேட்டர் சுதாரித்துக்கொள்ள அவகாசம் கொடுக்கவும்தான் இந்த அளவு பொருத்தம்.

எஃப்.டி.யை உடைத்து பஸ் டிக்கெட்

சரி, பேட்டரியே எல்லா வேலையும் பார்க்கட்டுமே, இன்னொரு பொருள் எதற்கு?

பேட்டரிக்குள் நடப்பது ரசாயன வேலை. சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே இருக்கிற பொருளுக்குள் அயனிகள் புகுந்து வெளியே வர வேண்டும். நிதானமாக நடந்தால் ஆயிரக்கணக்கான தடவை தாங்கும். 'டக்'கென்று இழுத்து 'டக்'கென்று ஏற்றினால் சூடாகும், தேயும். மேகமூட்டமான நாளில் சூரிய மின் நிலையத்தின் உற்பத்தி ஒரு நிமிஷத்துக்குள் பாதியாகக் குறைந்து மறுபடி ஏறுவது சாதாரணம். அது ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணிப் பாருங்கள். அத்தனை தடவையும் பேட்டரி குலுங்குகிறது. நம் ஊர் வெயில் வேறு. ஈய-அமில பேட்டரிக்கு வெப்பநிலை பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு.

பாங்கில் ஐந்து வருஷத்துக்கு எஃப்.டி. போட்டு வைத்திருக்கிறீர்கள். விருத்தாசலம் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டர் டிக்கெட் காசு கேட்கிறார். எஃப்.டி.யை உடைப்பீர்களா? சட்டைப்பையில் சில்லறை வைத்திருப்பீர்கள். பேட்டரி எஃப்.டி. மாதிரி. சூப்பர் கெபாசிட்டர் சட்டைப்பைச் சில்லறை.

கெபாசிட்டர் உங்களுக்குப் புதிதே இல்லை. ஃபேன் மெதுவாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து "கண்டென்சர் போயிடுச்சு" என்று மாற்றுகிறாரே, அதுதான். கல்யாண வீட்டில் போட்டோகிராஃபரின் ஃபிளாஷ் விளக்கிலும் அது உண்டு. சின்ன பேட்டரி சில விநாடி எடுத்துக்கொண்டு கெபாசிட்டரை மெதுவாக நிரப்பும், 'கீ' என்று மெல்லிய சத்தம்கூடக் கேட்கும். பட்டனை அழுத்தினதும் கெபாசிட்டர் அத்தனையையும் ஒரே வீச்சில் கொட்டிவிடும். பேட்டரியும் கெபாசிட்டரும் வேலையைப் பிரித்துக்கொள்வது இப்படித்தான். இன்று மின் நிலையத்துக்குச் செய்வது அதையே பெரிய அளவில்.

சூப்பர் கெபாசிட்டரில் என்ன சூப்பர்? ஃபேன் கண்டென்சர் 2.5 மைக்ரோஃபாரட். பெரிய சூப்பர் கெபாசிட்டர் செல் ஒன்று 3,000 ஃபாரட். 120 கோடி மடங்கு. உள்ளே ரசாயன மாற்றம் கிடையாது. கரித்துகளின் மேல்பரப்பில் அயனிகள் போய் ஒட்டிக்கொள்கின்றன, தேவைப்படும்போது விலகுகின்றன. ஒட்டுவதற்கு எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு சார்ஜ். அதனால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரி வேண்டும். ஒரு கிராம் கரிக்குள் சுமார் 1,500 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். நம் ஊர்க் கணக்கில் ஆறு கிரவுண்டுக்கு மேல், ஒரு சிட்டிகைக் கரிக்குள்! இந்தக் கரி எதிலிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் கொட்டாங்கச்சியிலிருந்து. நாம் வாசலில் எறிந்துவிட்டுப் போகிற அதே தேங்காய் ஓடுதான்.

ரசாயன மாற்றம் இல்லாததால் தேய்மானமும் குறைவு. லித்தியம் பேட்டரி சில ஆயிரம் தடவை தாங்கும் இடத்தில், இது லட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கும். சில விநாடிகளில் நிரம்பும், சில விநாடிகளில் கொட்டும். விளம்பரத்தில் சொல்வது இதுவரைக்கும் உண்மை.

இனி விளம்பரத்தில் வராத பாதி. அந்த 3,000 ஃபாரட் செல் குளிர்பான டின் அளவு இருக்கும், அரைக் கிலோ எடை, 2.7 வோல்ட். முழுக்க நிரப்பினால் எவ்வளவு பிடிக்கும்? சுமார் 3 வாட்-மணி. உங்கள் கையில் இருக்கிற கைபேசியின் 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி சுமார் 19 வாட்-மணி பிடிக்கிறது. அதாவது அந்த டின், உங்கள் போன் பேட்டரியில் ஆறில் ஒரு பங்குதான்! அதுபோக, சும்மா வைத்திருந்தாலே சார்ஜ் கசியும். இன்று நிரப்பி அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. பேட்டரியில் வோல்டேஜ் ஓரளவு நிலையாக நிற்கும், இதில் எடுக்க எடுக்க இறங்கிக்கொண்டே வரும். அதைச் சமாளிக்க நடுவில் தனி மின்னணுச் சாதனம் வேண்டும். வோல்டேஜ் பாதியாகும்போது உள்ளே இருந்ததில் முக்கால் பங்கு வெளியே வந்துவிட்டிருக்கும், மிச்சக் கால் பங்கை எடுப்பது பெரும்பாலும் பிரயோஜனப்படாது.

இதை ஒரு சின்னக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன், ஏனென்றால் விஷயம் முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. ஒரு கல்லூரிக் கூரையில் 100 கிலோவாட் சோலார் என்று வைத்துக்கொள்வோம். மேகம் வந்து 60 கிலோவாட் குறைகிறது, பத்து விநாடி. அந்தக் குழியை நிரப்ப எவ்வளவு வேண்டும்? 167 வாட்-மணி. ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு! முக்கால் பங்குதான் பயன்படும் என்று வைத்தால் சுமார் 75 செல்கள் போதும். ஒரு சின்ன அலமாரி. அதே 60 கிலோவாட்டை சாயங்காலம் நாலு மணி நேரம் தர வேண்டும் என்றால்? 240 யூனிட். சூப்பர் கெபாசிட்டரிலேயே தரப்போனால் ஒரு லட்சத்துக்கு மேல் செல், ஐம்பது டன்னுக்கு மேல் எடை. லித்தியம் பேட்டரியில் அது இரண்டு டன் சுற்றுவட்டாரத்தில் முடிந்துவிடும்.

விநாடிக்கு ஒரு ஆள், மணிக்கு வேறொரு ஆள். இரண்டையும் சேர்த்து வைத்தால், ஒரு கட்டுப்பாட்டுக் கருவி வருகிற சுமையைப் பிரித்துக் கொடுக்கும். மெதுவாக ஏறி இறங்குகிற பகுதி பேட்டரிக்கு, வெடுக் வெடுக்கென்று வருகிற பகுதி கெபாசிட்டருக்கு. பேட்டரி குலுங்காமல் ஓடும், ஆயுள் நீளும். அந்த அதிரடி இழுப்புக்காகவே தேவைக்கு மேல் பெரிய பேட்டரி வாங்க வேண்டிய அவசியமும் குறையும்.

எங்கே செய்து பார்த்தார்கள்

ஸ்பெயினுக்குச் சொந்தமான கானரி தீவுகளில் லா பால்மா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே எண்டெசா மின் நிறுவனம் மின் நிலையத்திலேயே 4 மெகாவாட் சூப்பர் கெபாசிட்டர் வைத்தது. எவ்வளவு நேரம் தரும்? சுமார் ஐந்து விநாடி. யூனிட்டில் சொன்னால் ஐந்தரை யூனிட். இதற்கா இத்தனை செலவு என்று கேட்கத் தோன்றும். நம் டர்பைனுக்குள் இருந்த 233 யூனிட்டை ஞாபகம் வைக்கச் சொன்னேன் இல்லையா? அதே வேலைதான் இது. தீவில் ஒரு ஜெனரேட்டர் நின்றுபோனால் மற்றவை சுதாரிக்கிற வரைக்கும் தாளம் விழாமல் பிடித்துக்கொள்வது.

இரண்டையும் சேர்த்த உதாரணம் அமெரிக்காவில், வட கரோலினாவில் இருக்கிறது. ரேங்கின் துணை மின் நிலையத்தில் 2016-இல் டியூக் எனர்ஜி நிறுவனம் 300 யூனிட் பிடிக்கிற பேட்டரியையும் சூப்பர் கெபாசிட்டர்களையும் சேர்த்து அமைத்தது. பக்கத்தில் 1.2 மெகாவாட் சூரிய மின் நிலையம். மேகத்தால் வருகிற ஆட்டத்தைக் கெபாசிட்டர் வாங்கிக்கொள்ளும், பகல் மின்சாரத்தைச் சாயங்காலத்துக்கு நகர்த்துவது பேட்டரி. யோசனை நன்றாகவே இருந்தது. ஆனால் அந்தப் பேட்டரியைத் தயாரித்த அக்வியன் கம்பெனி அடுத்த வருஷமே திவால் மனு கொடுத்தது. புதுத் தொழில்நுட்பம் வாங்கும்போது சரக்கை மட்டும் பார்த்தால் போதாது, வாரண்டி கொடுக்கிற கம்பெனி நாளைக்கு இருக்குமா என்றும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எல்லா இடத்துக்கும் சூப்பர் கெபாசிட்டர் வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரிய லித்தியம் நிலையங்கள் இப்போது ஒரு விநாடிக்குள்ளேயே பதில் தருகின்றன. ஹார்ன்ஸ்டேலில் அந்த பேட்டரியையே சுற்றும் இரும்பு மாதிரி நடந்துகொள்ளச் செய்து 2022-இல் அனுமதியும் வாங்கிவிட்டார்கள். நம் மாநிலத்தில் பசுமை எரிசக்திக் கழகம் பேட்டரி நிலையங்களுக்கு டெண்டர் விடுகிறது. மணிக்கணக்கில் சேமிக்க நமக்குக் காடம்பாறை நீரேற்று நிலையம் 1987 முதல் இருக்கிறது, 400 மெகாவாட். குந்தாவில் இன்னொன்று, 500 மெகாவாட்டுக்கு. ஆக நாடு தழுவிய பெரிய தொகுப்பில், சூப்பர் கெபாசிட்டர் இல்லாமலே சமாளிக்க வழி இருக்கிறது என்பது என் கருத்து. அது தன் விலைக்கு வேலை செய்யும் இடம் வேறு: தீவு, மலைக்கிராமம், தனியாக ஓடுகிற சின்னத் தொகுப்பு, அடிக்கடி இழுத்து விடுகிற லிஃப்ட், கிரேன், பெரிய மோட்டார். காற்றாலையிலும் உண்டு. புயல் காற்றில் இறக்கையைத் திருப்பி நிறுத்த அவசர மின்சாரம் வேண்டும். நூறு மீட்டர் உயரத்தில் ஏறிப் பேட்டரி மாற்ற முடியாது என்பதால் சில கம்பெனிகள் அந்த இடத்தில் சூப்பர் கெபாசிட்டர் வைக்கின்றன.

செல் எல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டுமா என்று கேட்டால், நிலைமை மாறுகிறது. கேரள அரசின் கெல்ட்ரான், இஸ்ரோவின் தொழில்நுட்பத்தை வாங்கிக் கண்ணூரில் சூப்பர் கெபாசிட்டர் தொழிற்சாலை அமைத்து 2024-இல் திறந்தது. நம் பக்கத்தில் காரைக்குடி சிக்ரி இருக்கிறது. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வந்த நிறுவனம் அது. பேட்டரி, சூப்பர் கெபாசிட்டர் இரண்டிலும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. நெய்வேலியில் ஐ.டி.ஐ., டிப்ளமோ படிக்கிற பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் அப்பாக்கள் பாய்லரும் டர்பைனும் கற்றுக்கொண்டு இந்த ஊரை நடத்தினார்கள். உங்களுக்கு இன்வெர்ட்டர், கன்வெர்ட்டர், பேட்டரி மேலாண்மை சர்க்யூட் தெரிந்திருக்க வேண்டும். அந்தப் படிப்பு எந்தக் கல்லூரியில் நன்றாகச் சொல்லித்தருகிறார்கள் என்று இப்போதே விசாரியுங்கள்.

உங்கள் வீட்டு மாடிக்கு வருவோம்

முதல் விஷயம். பேட்டரி இல்லாத சாதாரண சோலார் போட்டால், தெருவில் கரண்ட் போகும்போது உங்கள் சோலாரும் நின்றுவிடும். நல்ல வெயில் அடித்தாலும் நிற்கும். "ரெண்டு லட்சம் செலவு பண்ணியும் கரண்ட் கட்டுல ஃபேன் ஓடலையே" என்று பல பேர் சண்டைக்கு வருகிறார்கள். இது கோளாறு இல்லை. லைனில் வேலை பார்க்கிற ஊழியர் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டரே தன்னை நிறுத்திக்கொள்கிறது. இதைச் சொல்லிவிட்டு விற்கிறாரா என்று பாருங்கள்.

பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீட்டுச் சோலாருக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டு கிலோவாட்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் மானியம். மின் இணைப்பு எண்ணை வைத்து இணையதளத்திலோ செயலியிலோ பதிவு செய்து, பட்டியலில் உள்ள நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்வாரிய ஆய்வும் மீட்டர் மாற்றமும் முடிந்தபிறகு மானியம் பாங்குக் கணக்குக்கு வரும். சோலாரின் அளவுக்குத்தான் மானியம், பேட்டரிக்கு அல்ல. யாராவது "பேட்டரிக்கும் சேர்த்து கவர்ன்மெண்ட் தருது" என்றால் நம்ப வேண்டாம். சொந்தக் கூரை இருக்க வேண்டும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. மந்தாரக்குப்பம், வடலூர், குறிஞ்சிப்பாடி என்று வெளியில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் பார்க்கலாம். மின்வாரியம் சம்பந்தமான சந்தேகத்துக்கும் புகாருக்கும் மின்னகம் 94987 94987 இருக்கிறது, இரவு பகல் எந்நேரமும்.

பேட்டரி வேண்டுமா என்பது உங்கள் தெருவைப் பொறுத்தது. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை அரை மணி நேரம் கரண்ட் போகிறது என்றால், அதற்காகப் பெரிய பேட்டரி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பழைய வீட்டு இன்வெர்ட்டரே போதும். வீட்டில் ஆக்ஸிஜன் கருவி ஓடுகிறது, கடையில் ஃப்ரீசர் இருக்கிறது என்றால் கதை வேறு.

இனி அந்தச் சூப்பர் கெபாசிட்டர் விளம்பரம். வீட்டுக்கு முழு ராத்திரி மின்சாரம் தரும் என்று சொல்கிறவரிடம் இரண்டு எண் மட்டும் கேளுங்கள். எத்தனை யூனிட் பிடிக்கும்? பெட்டி எத்தனை கிலோ? உண்மையான சூப்பர் கெபாசிட்டரில் ஒரு யூனிட் பிடிக்க நூறு கிலோவாவது ஆகும். பத்து கிலோ பெட்டியில் ஒரு யூனிட் என்று சொன்னால், உள்ளே இருப்பது பெரும்பாலும் லித்தியம் வகை செல்தான். அது மோசமான பொருள் இல்லை, ஆனால் லித்தியத்தின் விலைக்கும் லித்தியத்தின் வாரண்டிக்கும் வாங்குங்கள், சூப்பர் கெபாசிட்டர் என்ற பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். லட்சக்கணக்கான தடவை தாங்கும் என்பதை பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே பேச்சு நின்றுவிடும்.

வீட்டில் பேட்டரியைக் குலுக்குவது யார் என்றும் பாருங்கள். ஃப்ரிட்ஜ், போர் மோட்டார். மோட்டார் கிளம்புகிற நொடியில் வழக்கமான கரண்டைவிட ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். போர் மோட்டாரை இன்வெர்ட்டரில் இணைக்காதீர்கள், வெயில் இருக்கும்போது தொட்டியை நிரப்பிக்கொள்ளுங்கள். பேட்டரியை மொட்டை மாடி ஷெட்டில் வைக்காமல் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். காசு செலவில்லாமல் ஆயுள் கூடும்.

பழைய பேட்டரியைக் குப்பை வண்டியில் போடக் கூடாது. 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு இருக்கிறது. ஈய பேட்டரிக்குக் கடையில் எடைக்குப் பணமே கழித்துத் தருவார்கள். லித்தியத்துக்கு அப்படிப் பணம் கிடைக்காமல் போகலாம், ஆனாலும் வாங்கிய கடையிலேயே கேட்டுத் திருப்பிக் கொடுங்கள். உப்பிய பேட்டரி என்றால் ஓட்டை போடுவது, அமுக்குவது, பிள்ளைகள் கையில் கொடுப்பது எதுவும் வேண்டாம்.

கேள்வி இருந்தால் கேளுங்கள்.